எந்தப் பட்டி, மேஸ்திரி?

நான் வேலையிலிருந்து நின்ற அன்று பட்டறைப் பையன்கள் எனக்கு ஒரு மாலை போட்டு, டீயும் வடையும் கொடுத்து, அனுபவத்தை எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். படித்துத் தெரிந்துகொள்வார்களாம். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? இப்போது வருகிற கார்களுக்கு உடம்பு முழுக்க இரும்புத் தகடு. பளபளக்கிற ஓரப்பட்டியை உள்ளே இருக்கும் வில்லுக் கொக்கியில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்துவிடுகிறது. அப்படி அழுத்தத் தெரிந்தவனெல்லாம் தன்னைக் கார் பாடி வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்கிறான். ஒருவன் என்னிடம், அந்தக் காலத்தில் பட்டியை மரத்தில் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டான். ஆணியால்தான் தம்பி என்றேன். ஏதோ சித்தர் ரகசியத்தைக் கேட்டவன்போலத் தலையை ஆட்டினான்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்கிறவன் வாயில் ஒரு பிடி பட்டியை வைத்து அடைக்க வேண்டும். எந்தப் பட்டி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய கார்களின் உடம்பு மரச்சட்டம். அதன்மேல் தகட்டைப் போர்த்தியிருப்பார்கள். தகடும் தகடும் சேர்கிற இடத்தை மறைக்கவும், ஏறி மிதிக்கிற புட்போர்டின் விளிம்பு தேயாமல் இருக்கவும் விரல் அகலத்தில் பித்தளையிலோ அலுமினியத்திலோ ஒரு பட்டி ஓடும். வெள்ளைக்கார நாட்டில் அது ஆயுசுக்கும் அசையாதாம். இங்கே மலாயாவில் காலையில் வெயில், மத்தியானம் மழை, அப்புறம் மறுபடி வெயில். மரம் ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து அவலாகிவிடும். ஆணிக்குப் பிடிப்பு போய்விடும். பட்டி மெல்லத் தலையைத் தூக்கும். கார் ஓடும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும். உடையவன் எஞ்சின் போச்சு என்று அலறிக்கொண்டு வருவான்.

நான் தொழில் பழகியது கிள்ளானில், குதிரை வண்டி செய்கிற ஒரு சீனனிடம். அவன் அடிப்பான், நான் செய்வேன். அதைப் பற்றி எழுத இவ்வளவு போதும். குதிரைகள் போய் மோட்டார் வந்தபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். நின்றதும் அங்கேதான்.

புதுக் கார் வைத்திருப்பவன் பட்டறைக்கு வரமாட்டான். வருகிறவன் மூன்று கை மாறிய காரை வாங்கி, நாலாவது கையாக வந்து நிற்பவன். அதற்கு முன்னால் தானே வைத்தியம் பார்த்திருப்பான். கம்பி கட்டியிருப்பான், தார் ஊற்றியிருப்பான். பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, கணக்கு எழுதுகிற ஒரு கிராணி வந்தார். ரப்பர் பால் சும்மா கிடைக்கிறதே என்று காரின் எல்லாப் பட்டியையும் பாலை ஊற்றி ஒட்டியிருந்தார். வெயிலில் பால் இளகி, பட்டியெல்லாம் வழுக்கி இறங்கி, காரே வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி நின்றது. நாற்றம் வேறு. தான் செய்தது பாதி சரிதான், வெயில்தான் கெடுத்துவிட்டது என்று என்னிடம் விளக்கம் சொன்னார். இந்த நாட்டில் வெயில் அடிக்கும் என்பது கிராணிக்கு அன்றுதான் தெரிந்ததுபோல.

சரி, எங்கள் சுப்பையா மேஸ்திரியிடம் வருகிறேன். பட்டறையில் எங்கள் எல்லாருக்கும் மேலே அவர். வெள்ளைக் கோட்டு, கஞ்சி மொடமொடப்பு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கையில் ஒரு குடை. கார் வந்தால் அதை ஒரு சுற்றுச் சுற்றுவார். கையால் தொடமாட்டார். கெட்டுப்போன இடத்தைக் குடை நுனியால் ஒரு தட்டுத் தட்டுவார். ஒரே ஒரு வார்த்தை சொல்வார். போய்விடுவார். "கழட்டு." "உளி." "ஈயம்." அவ்வளவுதான். எதை, எவ்வளவு, எதற்கு என்று கேட்டால் ஒரு புருவம் மட்டும் மேலே போகும். அந்தப் புருவத்துக்குப் பயந்து யாரும் கேட்கமாட்டோம்.

இதை அவர் எங்கே கற்றார் என்றால், பட்டறையில் முன்னால் இருந்த வெள்ளைக்காரத் துரையிடம். துரை ஒற்றை வார்த்தையில் உத்தரவு போடுவாராம், எல்லாரும் நடுங்குவார்களாம். துரை அப்படிப் பேசியதற்குக் காரணம் துரைக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு என்ன கேடு?

ஒரு தடவை ஒரு காரின் மட்கார்டைக் குடையால் தட்டி "அடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கிறது, பார் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த ஒருவன் பெரிய சுத்தியலை எடுத்து நல்ல மட்கார்டை அடி அடியென்று அடித்துச் சப்பாத்தியாக்கிவிட்டான். மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார். தன் வாயில் வந்த வார்த்தையில் பிழை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புருவம் மேலே போனது. அந்த ஆளுக்கு வேலை போனது.

அத்தோடு பாடம் கற்றிருக்க வேண்டும். அவர் கற்பதாவது!

எங்கள் பட்டறைக்கு மதராஸிலிருந்து கோவிந்தன் என்று ஒரு பெயிண்டர் வந்து சேர்ந்தான். அங்கே பங்களாக்களுக்குச் சாயம் அடித்தவன். சுவரிலும் கதவிலும் இருக்கிற ஓட்டையைச் சுண்ணாம்பு மாவும் எண்ணெயும் பிசைந்து அடைத்து வழிப்பார்களே, அதற்கு அவர்கள் ஊர்ப் பெயிண்டர்கள் வைத்திருக்கிற பெயர் பட்டி. பட்டி பார்ப்பது என்பார்கள். வெள்ளைக்காரன் சொல்லும் ‘புட்டி’ இவர்கள் வாயில் அப்படித் திரிந்துவிட்டது. ஆக எங்கள் பட்டறையில் இரண்டு பட்டி ஆயிற்று. எனக்குப் பட்டி என்றால் தகடு. கோவிந்தனுக்குப் பட்டி என்றால் மாவு. மேஸ்திரிக்கோ பட்டி என்றால் பட்டி.

அப்போதுதான் வேலு அந்தக் காரைக் கொண்டுவந்தான்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி ஊருக்கென்று இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். வேலு ரயில்வேயில் இருந்து நிறுத்தப்பட்டவன். நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத் துரையின் பழைய காரை வாங்கி, கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் வாடகைக்கு ஓட்டினான். வேறு பிழைப்பு கிடையாது. சர்க்கார் கொடுத்த அந்த வாடகைக் கார் நம்பர் இருக்கும்வரை அவனும் அவன் மனைவி செல்லம்மாவும் இந்த நாட்டில் இருக்கலாம். நம்பர் போனால் அவர்களும் கப்பல்தான். செல்லம்மா இங்கேயே ஒரு தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். எல்லாரும் ஊர் ஊர் என்று சொல்கிற இடத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்குத் 'திருப்பி' அனுப்புகிறோம் என்பார்கள். அந்த வார்த்தையை யோசித்தவன் யாரோ, அவனும் எங்கள் மேஸ்திரிக்கு உறவாக இருக்க வேண்டும்.

அந்தக் காரில் புட்போர்டின் ஓரப்பட்டி முனையில் எழும்பி நின்றது. இறங்கின ஒரு பெண்ணின் சேலை அதில் மாட்டி அவள் குப்புற விழுந்துவிட்டாள். புகார் போயிற்று. வண்டிகளைப் பரிசோதிக்கிற துரை காரை நிறுத்தி, அதைச் சரிசெய்து கொண்டுவந்து காட்டு, இல்லையென்றால் நம்பரைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தைப்பூசம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்துமலை முருகன் கோயிலுக்கு ஆள் ஏற்றினால்தான் அந்த வருஷம் அவர்களுக்குச் சோறு.

வேலு வந்த அன்று நான் பட்டறையில் இல்லை. கிள்ளானில் ஒரு பஸ்ஸுக்குப் பலகை மாற்ற அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரி காரைச் சுற்றினார். புட்போர்டைக் குடையால் தட்டினார். "பட்டி" என்றார். போய்விட்டார். பக்கத்தில் இருந்தவன் கோவிந்தன்.

கோவிந்தனைக் குறை சொல்லமாட்டேன். அவன் தொழிலில் அவன் சுத்தக்காரன். மாவைப் பிசைந்து, எழும்பிய பட்டிக்கு அடியில் திணித்து, மேலேயும் பூசி, கண்ணாடிபோல வழித்து, கறுப்புச் சாயம் அடித்துவிட்டான். தகடு எங்கே, பலகை எங்கே என்று தெரியாது. நான் திரும்பி வந்தபோது கார் போய்விட்டிருந்தது. கோவிந்தன் சந்தோஷமாகச் சொன்னான்.

"ரங்கண்ணே, நீங்க இல்லன்னா என்ன, நானே பட்டி போட்டு முடிச்சிட்டேன்."

அழுகிய மரத்தின்மேல் மாவு. அது பரிசோதனைத் திடல் வரைக்கும் தாங்குமா என்பதே சந்தேகம்.

திடல் வரைக்கும் தாங்கியது. துரையின் பூட்ஸ் வரைக்கும்தான் தாங்கவில்லை. அவர் புட்போர்டின் முனையில் காலை வைத்து ஒரு மிதி மிதித்தார். மாவு பொலபொலவென்று உதிர்ந்தது, பட்டி துள்ளி எழுந்து நின்றது. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. புட்டி, புட்டி என்று கத்தி, அதைக் கையில் அள்ளி வேலுவின் மூக்குக்கு நேரே நீட்டினாராம். ஏமாற்றப் பார்த்தாயா, இனி ஒரே ஒரு தடவை கொண்டுவா, பட்டறையில் பொறுப்பானவனையும் கூட்டி வா, மறுபடி புட்டி என்று ஏதாவது இருந்தால் நம்பர் அந்த இடத்திலேயே போகும் என்று அனுப்பிவிட்டார்.

வேலு காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்தப் புட்போர்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் நேரே மேஸ்திரியிடம் போனேன். அத்தனை வருஷத்தில் அந்தப் புருவத்தை எதிர்த்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

"எந்தப் பட்டி சொன்னீங்க, மேஸ்திரி?"

"பட்டி" என்றார்.

என்ன நேர்த்தியான பதில் பாருங்கள். தகடு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, மாவு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, அவர் சொன்னதுதான் சரி. கடவுள்கூட இவ்வளவு பத்திரமாகப் பேசியதில்லை.

அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பட்டியை ஒரு முனையிலிருந்து பிடித்து இழுக்கக்கூடாது, வளைந்துவிடும். ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் மெல்லிய உளியைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினேன். மாவைச் சுரண்டினேன். உள்ளே மரம் விரலால் தொட்டால் உதிர்ந்தது. அதில் எத்தனை நீள ஆணி அடித்தாலும் பிரயோசனமில்லை. இன்னும் நீளமான ஆணி அடி என்று சொல்கிற முட்டாள்கள் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறார்கள். ஆணி நீளமானால் அழுகல் ஆரோக்கியமாகிவிடுமா? அழுகியதை நல்ல மரம் தெரிகிற வரைக்கும் சாய்வாகச் செதுக்கி எடுத்தேன். மலாய்க்காரர்கள் செங்கால் என்று ஒரு மரம் சொல்வார்கள், மழைக்கும் கறையானுக்கும் அசையாது. அதில் அதே சாய்வில் ஒரு துண்டு இழைத்து, பசை வைத்துப் பொருத்தி, இறுக்கிக் காயவிட்டேன்.

பழைய துளைகளின் நேரே புதுத் துளை போடவில்லை. அவற்றை மரக்குச்சியால் அடைத்துவிட்டு, பட்டியில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று தள்ளித் துளைத்தேன். எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி, மரையில் கொஞ்சம் மெழுகு. திருகாணித் தலை தகட்டுக்குள் முழுக உட்கார ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. தகட்டுக்கு அடியில் சாயத்தில் நனைத்த கித்தான் துணி, தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க. முறுக்குவதை நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போக வேண்டும். முனையிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் தொப்பை விழும். கடைசியில் இரண்டு முனைகளையும் வெட்டி நிறுத்தாமல், பலகையின் கீழே மடக்கி அடியில் முறுக்கினேன். மாட்டுவதற்கு முனை என்று ஒன்று இருந்தால்தானே மாட்டும்? மேலே கறுப்புச் சாயம் ஒரு பூச்சு.

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொறுமையிருந்தால் யாரும் செய்யலாம். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

திடலுக்குப் போகிற அன்று மேஸ்திரி முன் சீட்டில் குடையோடு உட்கார்ந்தார். நான் திருப்புளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். செல்லம்மாவும் பின்னால்தான் இருந்தாள். மடியில் ஒரு பெரிய மூட்டை. ஏதோ சவாரிக்காரரின் சாமான் என்று நினைத்தேன். பித்தளைக் குடத்தின் வாய் துணிக்கு வெளியே தெரிந்தது. அது அவர்கள் வீட்டுக் குடம். நம்பர் போய்விட்டால் திரும்பிப் போக வாடகை வீடும் இருக்காது, நேரே கப்பல் ஏற்றுகிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கட்டி எடுத்து வந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு வழியெல்லாம் நான் போட்ட திருகாணிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கிக்கொண்டே வந்தேன்.

திடலில் வரிசையாகக் கார்கள். துரை வந்தார். காரைப் பார்க்குமுன் ஆளைப் பார்த்தார். பொறுப்பானவன் யார் என்று கேட்க, மேஸ்திரி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை இதற்கு என்ன செய்தாய் என்று துரை மலாயில் கேட்டார். மேஸ்திரி குடையால் புட்போர்டைக் காட்டினார்.

"பட்டி."

துரையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? கையில் இருந்த பென்சிலை ஓங்கி, அடுத்த கார் என்று காட்டிவிட்டார். நம்பர் தகட்டைக் கழற்றச் சொல்லி உத்தரவு. பக்கத்தில் நின்ற தமிழ்க் கிராணிக்கு இரண்டு பட்டியும் தெரியும். தெரிந்து என்ன? துரை தப்பு என்று அவர் எப்படிச் சொல்வார், பாவம். தன் பூட்ஸ் பளபளப்பாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மலாயில் வாயைத் திறந்தேன், பொறுப்பானவன் மட்டும் பேசு என்று துரை அதட்டினார். இங்கிலீஷில் சொல்லலாமென்றால் எனக்குத் தெரிந்தது 'எஸ் சார்' ஒன்றுதான். அந்த இடத்துக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

வேலு மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி, இன்னொரு வார்த்தை சொல்லுங்க. தகடுன்னு சொல்லுங்க, இரும்புன்னு சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க."

மேஸ்திரிக்கு மலாய் நன்றாகவே வரும். பாசார்ச் சந்தையில் கத்தரிக்காய்க்கு எவ்வளவு நேரம் பேசுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு வார்த்தை சொன்னால் முதல் வார்த்தை போதவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குடும்பம் கடல் தாண்டிப் போகட்டும், அவர் சொன்ன வார்த்தை மட்டும் நிற்கட்டும். எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி முறிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போது செல்லம்மா மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை. முந்தானையை எடுத்து, புட்போர்டின் ஒரு முனையில் வைத்து அழுத்திப் பிடித்து, மறுமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள். நல்ல சேலைகூட இல்லை, நைந்துபோன நூல் சேலை. எதிலாவது மாட்டினால் கிழிந்துவிடும். திரும்பி இந்த முனைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும். ஒரு நூல் மாட்டவில்லை. சேலை மாட்டியதால் வந்த புகார்தானே? இதோ சேலை என்பதுபோல, துரையைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள்.

துரை நின்றுவிட்டார். திரும்பி வந்தார். குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சாயம் உரிந்து உள்ளே தகடு மின்னியது. முனையைத் தேடினார், கிடைக்கவில்லை. கீழே கையை விட்டு மடிப்பைத் தடவினார். பிறகு இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் ஏறி ஒரு குதி குதித்தார். கார் ஆடியது. பட்டி அசையவில்லை. பென்சிலால் ஒரு கோடு கிழித்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மன்னிப்பா? அதெல்லாம் துரைகளிடம் கேட்கிற சாமான் இல்லை.

வேலு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். செல்லம்மா அழவில்லை. மேஸ்திரியின் எதிரே போய் நின்றாள்.

"ஒரு வார்த்தைல எங்கள கப்பலேத்தப் பாத்தீங்க. இன்னொரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்னா மேஸ்திரி கொறஞ்சி போயிருக்கும்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மூட்டையைப் புட்போர்டில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டரில் ஊற்றினாள். திரும்பும்போது மேஸ்திரி காரில் ஏறவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தே வந்தார். மழை இல்லை.

மறுநாள் ஒரு கார் வந்தது. மேஸ்திரி சுற்றினார், தட்டினார். "தகட்டுப் பட்டி" என்றார். பட்டறையில் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. கோவிந்தன் கையில் இருந்த பிரஷைக் கீழே போட்டுவிட்டான். அதிலிருந்து தகட்டுப் பட்டி, மாவுப் பட்டி என்று பிரித்தே சொன்னார். இந்தத் தொழிலில் நான் கண்ணால் கண்ட முன்னேற்றம் அது ஒன்றுதான். உங்கள் வில்லுக் கொக்கியெல்லாம் அப்புறம்.

அவர் ஓய்வு பெற்றபோதும் மாலை, டீ, வடை எல்லாம் உண்டு. வந்து பேசியவர்கள் எல்லாரும் அளந்து பேசுகிற மனிதர், ஒரு சொல் வீணாக்காதவர் என்று வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். வேலுவும் செல்லம்மாவும்கூடக் கிள்ளானிலிருந்து அதே காரில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்புரைக்கு அவர் எழுந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண் செல்லம்மாவிடம் போய் நின்றது. இத்தனை வருஷம் கழித்தாவது அவளுக்கு அந்த இன்னொரு வார்த்தை கிடைக்கும் என்று நான் வடையை வாயில் வைத்தபடியே காத்திருந்தேன்.

"நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.